கை மரத்துப் போகாத 200 கிலோமீட்டர்: ஏரோபார் மாட்டிப் பார்த்த அனுபவம்

நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டும்போது கை மரத்துப் போவது எனக்குச் சுண்டுவிரலில்தான் தொடங்கும். 90 கிலோமீட்டர் வாக்கில் இடது சுண்டுவிரலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். கையை உதறினால் போய்விடும். 120 தாண்டும்போது மோதிரவிரலும் சேர்ந்துகொள்ளும். அப்புறம் உதறினாலும் போகாது. ஏரோபார் (முன்கையைச் சாய்த்து ஓட்ட ஹேண்டில்பாரில் மாட்டும், முன்னால் நீளும் குழாய்கள்) இல்லாமல் கடைசியாக ஓட்டிய 200 கிலோமீட்டருக்கு அடுத்த நாள் காலையில் என்னால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. விரல் பொத்தானைத் தொட்டுவிட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உணர்ச்சி முழுதாகத் திரும்ப நான்கு நாள் ஆனது.

அதைச் சரிசெய்ய நான் செய்தது, மாட்டியது, கழற்றியது, மறுபடி மாட்டியது எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் பந்தயத்தில் ஓட்டுகிறவன் இல்லை. நாள் முழுக்க ஓட்டிவிட்டு மறுநாளும் ஓட்டத் தோன்ற வேண்டும் என்பதுதான் என் தேவை. அந்தத் தேவைக்கு ஏரோபாரை எப்படி வைக்க வேண்டும் என்று தேடினால், கிடைக்கும் அறிவுரையில் பெரும்பாலானவை வேகத்துக்கானவை. அவற்றை அப்படியே பின்பற்றியதில்தான் எனக்கு ஒரு மாதம் போனது.

முதலில் காரணம். அல்னார் நரம்பு கை வழியே இறங்கி, உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து அடிமேட்டில் ஒரு குறுகிய வழியாக நுழைந்து, சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் ஒரு பாதிக்கும் போகிறது. ஹேண்டில்பாரில் நாம் உடம்பின் எடையைச் சாய்ப்பது சரியாக அந்த மேட்டின் மேல். சாலையின் அதிர்வும் அங்கேதான் இறங்குகிறது. மணிக்கணக்கில் அழுத்தினால் நரம்பு மரத்துப் போகாமல் என்ன செய்யும்?

ஏரோபாருக்கு முன்னால் எளிய வழிகளை எல்லாம் பார்த்துவிட்டேன். இந்த வரிசையை யாரும் தாண்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சீட்டின் மூக்கு கீழே சரிந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கக் கைகள் ஓயாமல் பின்னுக்குத் தள்ளும். என் சீட் 3 டிகிரி சரிந்திருந்தது. அதை மட்டமாக்கியதுமே கையில் விழும் எடை குறைந்தது கண்கூடாகத் தெரிந்தது. ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம்முக்கு அடியில் ஒரு ஸ்பேசர் வளையத்தைச் சேர்த்து ஹேண்டில்பாரை 1 சென்டிமீட்டர் உயர்த்தினேன். ஹேண்டில்பார் டேப்பை இரட்டையாகச் சுற்றினேன். மரத்துப் போவது 90-இலிருந்து 130-க்குத் தள்ளிப் போனது, ஆனால் நிற்கவில்லை. அதன் பிறகுதான் ஏரோபார் பக்கம் வந்தேன். சைக்கிள் அளவே உடம்புக்குப் பொருந்தாதபோது ஏரோபாரை மாட்டினால், வலி கையிலிருந்து கழுத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

ஏரோபார் என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாள். வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் தனிநபர் ஓட்டம். 50 விநாடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட் ஏரோபாரில் படுத்தபடி ஓட்டி, லோரான் ஃபிஞ்ஞோனை மொத்தக் கணக்கில் வெறும் 8 விநாடியில் முந்தினார். அன்றிலிருந்து இது வேகத்தின் கருவியாகிவிட்டது. ஆனால் அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1986-இல், அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ராம் (ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா) பந்தயத்தை பீட் பென்செயர்ஸ் முன்கையைத் தாங்கும் ஹேண்டில்பாருடன் வென்றிருந்தார். சுமார் 5,000 கிலோமீட்டர், எட்டு நாளுக்கும் மேல். அவ்வளவு தூரம் ஓட்டுகிறவருக்கு முன்கையைச் சாய்க்க ஓர் இடம் கிடைப்பது எத்தனை பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு இந்தக் கருவியின் உண்மையான பயன் அங்கேதான் தெரிகிறது.

மாட்டும் வேலை

கையில் இருந்தது சாதாரண அலுமினிய கிளிப்-ஆன் வகை: இரண்டு கிளாம்ப், இரண்டு முழங்கைத் திண்டு, 22.2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இரண்டு நேரான நீள் குழாய்கள். மொத்தம் அரைக் கிலோ. கிளாம்ப் 31.8 மில்லிமீட்டர் பாருக்கானது.

உங்கள் ஹேண்டில்பார் கார்பனாக இருந்தால் இங்கேயே நில்லுங்கள். பல கார்பன் பார்களில் கிளாம்ப் பிடிக்கத் தயாரிப்பாளர் அனுமதிப்பதில்லை. அனுமதிக்கும் பார்களில் கிளாம்ப் பிடிக்கும் இடம் குறிக்கப்பட்டிருக்கும். கையேட்டில் தெளிவாகச் சொல்லியிருந்தால் மட்டும் மாட்டலாம். என்னுடையது அலுமினியம்.

நான் எதிர்பார்க்காத முதல் தடை டேப். ஸ்டெம்முக்கு மிக அருகில் வரை சுற்றியிருந்ததால் கிளாம்புக்கு இடமே இல்லை. இரண்டு பக்கமும் 5 சென்டிமீட்டர் பிரித்துப் பார்த்தபோது இரண்டாவது தடை தெரிந்தது. பார் நெடுக ஒரே தடிமன் இல்லை. வெர்னியர் வைத்து அளந்தேன்: ஸ்டெம்மின் விளிம்பிலிருந்து 4.5 சென்டிமீட்டர் வரைதான் 31.8, அதன் பிறகு மெலிந்துகொண்டே போகிறது. கிளாம்பின் அகலம் 3.5 சென்டிமீட்டர். ஆக, கிளாம்பை இப்படி அப்படி நகர்த்த ஒரு பக்கத்துக்கு 1 சென்டிமீட்டர்தான். வாங்கும் முன் இந்த ஓர் அளவை மட்டுமாவது எடுத்துவிடுங்கள். மெலிந்த இடத்தில் கிளாம்ப் பிடித்தால் விளிம்பு மட்டுமே கடிக்கும், முழுப் பரப்பும் பிடிக்காது.

மூன்றாவது, கேபிள். கியர் கேபிளின் உறை பாரின் முன்பக்கமாக, டேப்புக்கு அடியில் ஓடுகிறது. கிளாம்ப் அதன் மேல் உட்கார்ந்தால் உறை நசுங்கும், கியர் மாற்றம் கனத்துவிடும். உறையை ஸ்டெம்முக்கு முன்னதாகவே பாரிலிருந்து பிரியும்படி விட்டுவிட்டு, டேப்பை அங்கேயே முடித்து ஒட்டினேன். ஒரு மாலை முழுவதும் இதற்கே போனது. கிளாம்பை மாட்டி இறுக்கியது கால் மணி நேரம்தான்: பாரைத் துடைத்து, போல்ட்டின் மரையில் துளி கிரீஸ் தடவி, கிளாம்பில் அச்சிட்டிருந்தபடி 5 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினேன்.

முதல் பயணம், முதல் தவறு

படங்களில் பார்த்தபடியே வைத்தேன். திண்டுகள் பாரை ஒட்டிக் கீழே, இரண்டுக்கும் நடுவில் 17 சென்டிமீட்டர், குழாய்கள் நன்றாக நீட்டி. வீட்டில் சுவரோரம் சைக்கிளை நிறுத்தி ஏறிப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சாலையில் அரை மணி நேரத்தில் தோள்பட்டை இறுகியது. ஒரு மணி நேரத்தில் பிடரி வலித்தது. 60 கிலோமீட்டரில் அதே சுண்டுவிரல் மரத்தது. உள்ளங்கையில் எடையே இல்லாதபோது எப்படி மரக்கும்?

வண்டியை ஓரம் கட்டி, கையைத் திண்டில் வைத்தபடியே பார்த்தேன். திண்டு முழங்கை மூட்டுக்கு நேர் கீழே இருந்தது. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் மின்சாரம் அடித்தது போல் சுரீர் என்று சுண்டுவிரல் வரை ஓடுமே, அது இதே அல்னார் நரம்புதான். மூட்டின் உட்புறம் எலும்பை ஒட்டி, மேலே சதைப் போர்வை இல்லாமல் போகிறது. மணிக்கட்டில் விழுந்த அழுத்தத்தை எடுத்து, அதே நரம்பின் மேல்பகுதியில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

ஏரோபார் வைப்பதில் இதைவிட முக்கியமான விஷயம் வேறில்லை. திண்டு மூட்டின் அடியில் இருக்கக் கூடாது. அதற்கு 4, 5 சென்டிமீட்டர் முன்னால், முன்கையின் சதைப் பகுதியில் இருக்க வேண்டும். முழங்கை முனை திண்டுக்குப் பின்னால் காற்றில் தொங்க வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: திண்டில் சாய்ந்தபடி விரல்களைத் தளர்த்தி ஆட்டிப் பாருங்கள். ஒரு நிமிடம் கழித்தும் எல்லா விரலும் ஒன்றுபோல் உணர்ந்தால் சரி.

உயரம், அகலம், நீளம்

திண்டுக்கும் கிளாம்புக்கும் நடுவில் வைக்கும் ரைசர்களை வாங்கினேன். முதலில் 2 சென்டிமீட்டர், பிறகு 4, கடைசியாக 5. ரைசர் ஏறும்போது அதற்கேற்ற நீள போல்ட்டும் வேண்டும். பழைய போல்ட்டையே போட்டால் நான்கைந்து மரைதான் உள்ளே போகும், அது உங்கள் முகத்தைத் தாங்கும் போல்ட் என்பதை மறக்கக் கூடாது. 5 சென்டிமீட்டரில் திண்டு ஏறக்குறைய சீட்டின் உயரத்துக்கு வந்தது. பார்ப்பதற்கு ஏதோ மேசையில் முழங்கை ஊன்றி உட்கார்ந்திருப்பது போல் இருக்கும். உடம்பு கேட்டதும் அதைத்தான்.

உயர்த்தியதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. திண்டு பாரை ஒட்டி இருந்தபோது பாரின் மேல் நேர்ப் பகுதியைப் பிடிக்கவே இடமில்லாமல் போயிருந்தது. ஏற்றங்களில் நான் எப்போதும் பிடிக்கும் இடம் அது. இப்போது திண்டுக்கு அடியில் கை நுழைகிறது. ஏரோபார் கொடுத்த புதிய பிடி ஒன்று, பழைய பிடிகளில் எதுவும் போகவில்லை.

அகலத்தை 17-இலிருந்து 23 சென்டிமீட்டருக்குக் கொண்டுபோனேன். குறுகினால் காற்று குறைவாகப் படும், உண்மை. ஆனால் நெஞ்சு ஒடுங்கி மூச்சு மேலோட்டமாகிவிடுகிறது, சைக்கிளும் தள்ளாடுகிறது. அகலத்தில் தோள் தளர்ந்து விழுகிறது, ஆறாவது மணி நேரத்தில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

நீளத்துக்கு ஒரே அளவுகோல் வைத்துக்கொண்டேன்: குழாயின் முனையைப் பிடிக்க நான் எட்டக் கூடாது; கை தானாகப் போய் விழும் இடத்தில் முனை இருக்க வேண்டும். அதன்படி 3 சென்டிமீட்டர் அதிகம் இருந்தது. கிளாம்பில் பின்னுக்குத் தள்ளினால் பின்முனை முழங்காலில் இடித்தது. எனவே பின்முனையிலேயே வெட்டினேன். வெட்டும் கோட்டில் காகித டேப்பை நேராகச் சுற்றி, அதன் விளிம்பையே வழிகாட்டியாக வைத்து, நெருக்கமான பல் உள்ள ஹாக்ஸா பிளேடால் குழாயை மெல்லச் சுழற்றிச் சுழற்றி அறுத்தேன். உள்விளிம்பு பிசிறை உருண்டை அரத்தால் எடுத்துவிட்டு, அடைப்பானைத் தட்டி ஏற்றினேன். அடைப்பான் இல்லாத குழாய் முனையோடு ஒரு நாளும் ஓட்டாதீர்கள். விழுந்தால் அது உடம்பைத் துளைக்கும்.

நேரான குழாய்களைப் பிறகு மாற்றிவிட்டேன். அவற்றைப் பிடிக்க மணிக்கட்டைக் கீழ்நோக்கி மடக்க வேண்டியிருந்தது. முனை மேல்நோக்கி வளைந்தவை வந்த பிறகு, ஒருவரோடு கைகுலுக்கும்போது மணிக்கட்டு எப்படி நேராக இருக்குமோ அப்படி நிற்கிறது. முழு அமைப்பையும் 12 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்திருக்கிறேன். கை முன்னால் வழுக்காமல் திண்டிலேயே உட்காருகிறது. குழாய்களில் மிஞ்சிய பழைய டேப்பைச் சுற்றினேன், அது போதும்.

சீட்டையும் தொட வேண்டியிருந்தது. முன்கையில் சாயும்போது இடுப்பு முன்னால் உருள்கிறது. அழுத்தம் உட்காரும் எலும்பிலிருந்து சீட்டின் மூக்குப் பக்கம் போகிறது. மட்டமாக்கிய சீட்டை 1 டிகிரி மட்டும் கீழே விட்டு, 5 மில்லிமீட்டர் முன்னால் நகர்த்தினேன். அதற்கு மேல் நகர்த்தினால் சாதாரணமாக உட்கார்ந்து ஓட்டும்போது கையில் எடை கூடும், அதாவது பழைய நோய் திரும்பும். நடுவில் பள்ளம் உள்ள சீட் ஏற்கெனவே இருந்தது நல்லதாயிற்று.

ஹேண்டில்பார் சுழன்ற நாள்

இது நடந்தது நான்காவது பயணத்தில். திண்டில் சாய்ந்தபடி, ஆளில்லாத நேர்ச்சாலை. கவனிக்காத ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது. 'டக்' என்று ஒரு சத்தம், மொத்த ஏரோபாரும் எனக்குக் கீழே ஒரு விரற்கடை அளவு தாழ்ந்தது. விழவில்லை. இரண்டு கையையும் ஒவ்வொன்றாகப் பாருக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். முதலில் கிளாம்ப் வழுக்கியது என்றுதான் நினைத்தேன். பார்த்தால் கிளாம்ப் அசையவில்லை. பிரேக் லிவர்களும் சேர்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தன. ஸ்டெம்முக்குள் ஹேண்டில்பாரே சுழன்றிருந்தது.

யோசித்தால் நியாயம்தான். ஏரோபாரில் நம் எடை பாரின் மையத்துக்கு முன்னாலும் விழுகிறது. அது ஒரு நெம்புகோல். ஒவ்வொரு குலுக்கலிலும் பாரைக் கீழ்நோக்கித் திருகப் பார்க்கும். ஏரோபார் இல்லாதபோது போதுமாக இருந்த ஸ்டெம் இறுக்கம் இப்போது போதவில்லை. வீட்டுக்கு வந்து, பாரை ஸ்டெம்மோடு பிடித்திருக்கும் முகப்புத் தகட்டைக் கழற்றினேன். தகட்டுக்கும் ஸ்டெம்முக்கும் நடுவில் மேலே இருந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, கீழே கிட்டத்தட்ட மூன்று. சீராக இறுக்கப்படவே இல்லை. பாரிலும் ஸ்டெம்மின் உட்புறத்திலும் இருந்த கிரீஸ் கறையை ஸ்பிரிட்டால் துடைத்தேன். மணல் போன்ற துகள் கலந்த பிடிமானப் பசையைத் தடவினேன். நான்கு போல்ட்டையும் குறுக்கு மறுக்காக, ஒவ்வொன்றையும் கால் சுற்றாக இறுக்கி, மேலும் கீழும் இடைவெளி ஒன்றான பிறகு ஸ்டெம்மில் அச்சிட்டிருந்த 5 நியூட்டன் மீட்டருக்கு முடித்தேன். கடைசியில் ஸ்டெம்மின் விளிம்பிலிருந்து பாருக்குக் குறுக்காக வெள்ளைப் பெயின்டில் ஒரு மெல்லிய கோடு. கிளாம்புகளிலும் அதே கோடு. ஒவ்வொரு பயணத்துக்கும் முன் கோடு உடைந்திருக்கிறதா என்று ஒரு பார்வை, அவ்வளவுதான் வேலை.

இப்போது எப்படி ஓட்டுகிறேன்

ஏரோபாரில் சைக்கிளைத் திருப்புவது கையால் இல்லை, தோளால். முதல் இரண்டு நாள் ஆளில்லாத சாலையில் ஒரு முன்கையைத் திண்டில் வைத்து, மற்றொரு கையைப் பாரிலேயே விட்டுப் பழகினேன். அப்புறம் இரண்டையும். எடுத்துவைப்பதும் திரும்ப எடுப்பதும் பார்க்காமலே வர வேண்டும்.

பிரேக் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது என்பதை ஒரு நொடியும் மறக்கக் கூடாது. திண்டிலிருந்து லிவருக்குக் கை போக எனக்கு ஒரு விநாடி ஆகிறது. மணிக்கு 30 கிலோமீட்டரில் ஒரு விநாடி என்றால் 8 மீட்டருக்கும் மேல், பிரேக் தொடும் முன்பே. அதனால் வாகன நெரிசலில், சந்திப்புகளில், இறக்கத்தில், மோசமான சாலையில், பக்கக்காற்று வீசி அடிக்கும்போது நான் திண்டைத் தொடுவதில்லை. இன்னொருவரின் சக்கரத்துக்குப் பின்னால் போகும்போது ஒருபோதும் இல்லை. அது நம் உயிர் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

வசதியாக இருக்கிறதே என்று மணிக்கணக்கில் சாய்ந்தே இருப்பதும் தவறு. அந்த நிலையில் சாலையைப் பார்க்கத் தலையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். ராம் பந்தயத்தில் கழுத்துத் தசைகள் கைவிட்டுத் தலையே நிற்காமல் போகும் நிலைக்கு, 1983-இல் அதற்கு ஆளான மைக்கேல் ஷெர்மரின் பெயராலேயே ஷெர்மர் கழுத்து என்று பெயர் வந்தது. நம் தூரங்களுக்கு அந்த அளவு வராது. ஆனால் பிடரி வலிக்க 100 கிலோமீட்டரே போதும். நான் 15 நிமிடம் திண்டில், 10 நிமிடம் பாரின் மேல் பிடியிலோ லிவர் மேட்டிலோ, பிறகு எழுந்து நின்று ஒரு நிமிடம் மிதிக்கிறேன். இடம் மாறிக்கொண்டே இருப்பதுதான் கைக்கு மருந்து, ஏரோபார் அதற்கு ஓர் இடம் கூடுதலாகத் தருகிறது.

எதிர்காற்றில் கிடைக்கும் உதவியையும் சொல்லாமல் விடக் கூடாது. இத்தனை உயர்த்தி, அகட்டி வைத்தும் கைகள் உள்ளே வந்து தோள் கொஞ்சம் தாழ்வதால் காற்றின் தள்ளல் குறைவது தெரிகிறது. அதே மூச்சுக்கு இன்னும் கொஞ்சம் வேகம்.

இந்த அமைப்பில் இதுவரை இரண்டு 200, ஒரு 300 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். சுண்டுவிரல் மரக்கவில்லை. 300-இன் கடைசிப் பகுதியில் வலது முன்கையில் திண்டின் வெளிவிளிம்பு மட்டும் சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் அந்தப் பக்கத்து நுரை வியர்வையில் ஊறி அமுங்கிப்போயிருக்கிறது. ஒட்டுப் பட்டையும் பிடிவிட்டிருக்கிறது. நுரைகளை அலசி நிழலில் காயப்போட்டிருக்கிறேன். வலது திண்டை இரண்டு மூன்று டிகிரி உள்நோக்கித் திருப்பி மாட்டி, அடுத்த ஞாயிறு ஒரு 100 ஓட்டிப் பார்க்க வேண்டும்.